மாயாற்றில் வேண்டாம், மல்லிகா

கூடலூர்

அன்புள்ள மல்லிகா,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்தது, மழையோடுதான் போகும். சரோஜா டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததற்கு நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். பையன்கள் தீபாவளி விடுமுறையில் மசினகுடிக்கு வந்து, லாரி டியூப்பில் மாயாற்றில் மிதக்கப் போகிறார்கள் என்று, சந்தைக்குப் போவதைப் போல எழுதியிருக்கிறாயே! அது புலிகள் காப்பகம். ஆற்றில் முதலை, கரையில் யானை. இறங்க அனுமதியும் கிடையாது. அதைவிட எனக்குப் பயம் தண்ணீரை நினைத்துத்தான். 1932-இல் மேலேயுள்ள பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அது மதகுக்குக் கட்டுப்பட்ட தண்ணீர். வானம் வெளுத்திருக்கும் நாளிலும், மேலே திறந்துவிட்டால் கீழே சட்டென்று ஏறிவிடும். கல்லாற்றில் நடந்ததை நாம் இருவரும் கரையில் நின்று பார்த்தோம். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆறுதான் வேண்டுமென்றால் அவர்களை என்னோடு கேரளத்துக் கோடஞ்சேரிக்கு அனுப்பு. தாமரைச்சேரி மலைப்பாதையின் ஒன்பது வளைவுகளையும் இறங்கினால் பக்கம்தான். கொட்டும் மழையில் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் வீரர்கள் வந்து போட்டியிடும் சாலிப்புழாவும் இருவஞ்ஞிப்புழாவும் அங்கேதான் ஓடுகின்றன. நம் பாண்டியாற்றுத் தண்ணீரைப் போல அவையும் சாலியாற்றில்தான் கலக்கின்றன. போட்டிக்கால வெள்ளம் நமக்கு வேண்டாம். மழை தணிந்தபின், புதியவர்களுக்கு ஏற்ற பகுதியில்தான் அண்ணன் மகன் என்னை இறக்கினான். ஆற்றோட்டத்தை எளிதிலிருந்து கடினம் வரை ஆறு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். நாங்கள் போனது முதல் இரண்டுக்குள்.

இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பித்துப் பிடித்திருக்கிறது, மல்லிகா! பாறையில் மோதிப் பிரியும் தண்ணீர், அதன் பின்புறம் வந்ததும் மேல்நோக்கித் திரும்பி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நுரைக்கோடு. கயாக்கின் மூக்கை அந்தக் கோட்டைத் தாண்டி நுழைத்து, திரும்பும் பக்கமாகச் சாய்ந்து துடுப்பை ஊன்றினால், படகு ஒரே சுற்றாகச் சுற்றி ஆற்றைப் பார்த்து நின்றுவிடுகிறது. சுற்றிலும் இரைச்சல், என் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பழுத்த இலை நகராமல் மிதந்துகொண்டிருந்தது. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த பாய்ச்சலைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். டியூப்பில் கிடப்பவனுக்கு இந்த வசதி ஏது? ஆறு இழுத்த பக்கம்தான் போவான்.

பெரியவனிடம் இப்போதே சொல்லிவை: ஓடும் தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது. கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் இடுப்பளவுத் தண்ணீரே ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களைத் தண்ணீர் ஓடிப்போகும் பக்கம் நீட்டி, கால்விரல்கள் மேலே தெரிய மிதக்க வேண்டும். சாய்ந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் தொலைவிலேயே விலக வேண்டும். கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வான். படகு கவிழ்ந்தால் வெளியேறும் விதத்தை முதலில் தேங்கிய நீரில் பழக்குகிறார்கள். சின்னவன் நாள் முழுதும் அதையே செய்வான்.

ஐப்பசியில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலையிலேயே இறங்கி, மதியத்துக்குள் கரையேறிவிடலாம். அதற்கு முன்தினம் மலையில் மழை கொட்டியிருந்தால் இறங்கவே விடமாட்டேன்.

இருவரின் உயரமும் எடையும் எழுது. லைஃப் ஜாக்கெட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் சொல்லிவைக்க வேண்டும். உன்னுடையதையும் சேர்த்து எழுது. பள்ளிக்காலத்தில் நீச்சலில் என்னை முந்தியவள் நீ. கரையில் துண்டோடு காத்திருக்க விடமாட்டேன்.

அன்புடன்,
வசந்தா