இடது ஓரத்து ஒரு மீட்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைப் போக்குவரத்து நெரிசல் பற்றிய கட்டுரை என்றாலே கடைசியில் ‘சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. தங்கள் இதழில் அண்மையில் வந்த கட்டுரையிலும் இருந்தது. வரட்டும், நல்லதுதான். ஆனால் மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதியிலும் வெளி வீதியிலும் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? இருக்கிற சாலையின் இடது ஓரத்தில் ஒரு மீட்டர் அகலம் ஒழுங்காகக் கிடைத்தாலே இந்த ஊரில் பாதிப் பேர் பயமின்றி மிதிப்பார்கள். அந்த ஒரு மீட்டர்தான் கெட்டுக் கிடக்கிறது.

ஒரு மீட்டர் என்பது சும்மா சொன்ன கணக்கல்ல. சாதாரண சைக்கிளின் ஹேண்டில்பார் சுமார் 60 செ.மீ. மெதுவாக ஓட்டும்போது சக்கரம் இரு பக்கமும் கொஞ்சம் அலையும். அதற்குப் பக்கத்துக்கு 20 செ.மீ. விட்டால் ஒரு மீட்டர். ஊரோ பெரும்பாலும் சமதளம். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு ஆறேழு கிலோமீட்டர். மணிக்கு 12 கி.மீ. என்று நிதானமாகப் போனாலும் அரை மணிக்குச் சற்று மேல்தான் ஆகும். தூரமோ வெயிலோ பெரிய தடை அல்ல. சித்தாளும் கொத்தனாரும் பால்காரரும் இரவுக் காவலரும் இந்த வெயிலில்தான் ஓட்டுகிறார்கள்.

முதல் கோளாறு தார் விளிம்பு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே 4, 5 செ.மீ. கனத்துக்குப் புதிதாகப் போட்டால், மூன்றாம் முறை சாலை ஓரத்து மண்ணைவிட அரையடி உயர்ந்து நிற்கும். பஸ் நெருக்கும்போது சைக்கிளின் முன்சக்கரம் அந்த அரையடியில் இறங்குகிறது. உடனே ஹேண்டில்பாரை லேசாக வலப்பக்கம் திருப்பி ஏறப் பார்ப்பது எல்லாருக்கும் தானாக வரும் பழக்கம். ஏறாது. டயரின் பக்கவாட்டு ரப்பர் விளிம்பை உரசிக்கொண்டே ஓடும். சக்கரம் வலப்பக்கம் போக முடியாத நிலையில் உடம்பு மட்டும் வலப்பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் ஓரத்தில் இறங்கியவர் மண் பக்கம் விழாமல் சாலைக்குள், பின்னால் வருகிற வண்டியின் முன்னால் விழுகிறார். இறங்கிவிட்டால் இறங்கியபடியே நேராகப் போய், நின்று, தூக்கி வைத்து ஏறுவதுதான் வழி. பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதன்படிச் செய்தால் போதும். சுரண்ட முடியாத இடத்தில் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சுமார் 30 டிகிரி சரிவாக உருட்டி, பக்கத்தில் கிராவல் கொட்டிக் கெட்டிக்கலாம். கொட்டிவிட்டு ரோலர் விடாமல் போனால் ஒரே மழையில் அது வாய்க்காலுக்குப் போய்விடும்.

அடுத்தது மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடி. கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால், இடைவெளி 3 செ.மீ. என்றாலும் 28 மி.மீ. அகல டயர் போட்ட கியர் சைக்கிள் உள்ளே இறங்கி நிற்கும். ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவார். நம் பழைய 28×1½ அங்குல டயர் சுமார் 40 மி.மீ. அகலம், அது தப்பித்துவிடும். மூடியை மாற்றக்கூட வேண்டாம். குறுக்கே 10 செ.மீ.க்கு ஒரு பட்டை இரும்பை வெல்டிங் வைத்தால் போதும். அந்த இடைவெளியில் சக்கரம் 4 மி.மீ.கூட இறங்காது. தண்ணீர் போகும் வழியும் அவ்வளவாகக் குறையாது. ஒரு வெல்டரும் ஜெனரேட்டர் ஏற்றிய ஒரு மினி வேனும் இருந்தால் நின்ற இடத்திலேயே முடிகிற வேலை.

பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிய பள்ளம் இன்னொன்று. 15, 20 செ.மீ. மண் போட்டு, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டித்து, பிறகு அடுத்த அடுக்கு என்று நிரப்ப வேண்டும். முழுப் பள்ளத்தையும் ஒரேயடியாக மூடி மேலே ஜல்லி பரப்பினால் முதல் மழையில் அமுங்கும். குறுக்கே போகும் பள்ளம் ஒரு குலுக்கல்தான். சாலையின் போக்கிலேயே போகும் பள்ளம் தண்டவாளம் மாதிரி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மணலும் முள்ளும் சின்ன விஷயமாகத் தெரியும். நடுச்சாலை மணலை வண்டிகளே ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. பெருக்க வரும் நேரத்தில் ஓரத்தில் கார் நின்றால் அந்த மணல் அங்கேயே தங்கும். அதன் மேல் முன் பிரேக் பிடித்தால் சறுக்கும். வைகைக் கரைச் சாலைகளில் சீமைக் கருவேல முள். டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்காமல் மாட்டினால், உள்ளே ஒடிந்திருக்கும் அதே முள் அடுத்த தெருவில் மறுபடி குத்தும். (பஞ்சர்க் கடைகளுக்கு இது லாபம் என்பது வேறு விஷயம்.)

நிறுத்தியிருக்கும் கார்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதவு திறந்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெளியே வரும், அதாவது சைக்கிளுக்குரிய இடம் முழுவதும். கீழமாசி வீதியில் லோடு இறக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தாமல் அங்கே சைக்கிளைப் பற்றிப் பேசுவது வீண்.

சிக்னலில் ஒரு கணக்கு இருக்கிறது. 40 மீட்டர் அகலச் சந்திப்பைக் கடக்க மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் 12 விநாடி வேண்டும். பச்சையின் கடைசி விநாடியில் நுழைந்தவர் நடுவில் இருக்கும்போதே அடுத்த பக்கம் பச்சை விழுந்துவிடுகிறது. எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் நேரத்தை இரண்டு மூன்று விநாடி கூட்டுவதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. நிற்காமல் திரும்பும் ‘ஃப்ரீ லெஃப்ட்’ அதைவிடக் கொடியது. நேராகப் போக இடது ஓரத்தில் நிற்கும் சைக்கிளை அது குறுக்கே வெட்டிக்கொண்டே இருக்கிறது.

வைகையைத் தாண்டுவது தனிப் பாடு. அணையில் தண்ணீர் திறந்துவிட்டு யானைக்கல் தரைப்பாலம் மூழ்கினால், அதில் போகிற சைக்கிள்களும் 1889-இல் கட்டி முடித்த ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தில் பஸ்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த நாட்களிலாவது பாலத்தின் இடது ஓரத்தில் போலீஸ் கூம்புகளை வைத்து ஒரு மீட்டர் ஒதுக்கித் தரலாம்.

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, வடிகால் மாநகராட்சியுடையது என்றால் புகார் மனு இரண்டு அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கும். எனவே இப்போதைக்குக் கேட்பது ஒன்றே ஒன்று: ஐப்பசி பிறப்பதற்குள் அந்தக் கம்பி மூடிகளுக்குக் குறுக்குப் பட்டை வையுங்கள். மழை பிடித்துவிட்டால் ஓரத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அடியில் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மிதிப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
சைக்கிள் மெக்கானிக் ஒருவர்,
செல்லூர், மதுரை.