அப்பாவுக்கு: பெட்டியில் கத்தி வைக்கும் முன் இதைப் படியுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே இங்கிலாந்தில் எல்லோரும் நலம். அங்கே நீங்கள், அம்மா, சின்னவன் எல்லோரும் நலம்தானே? விசா வந்த செய்தி கேட்டதிலிருந்து உங்கள் பேரன் தாத்தா எப்போ, தாத்தா எப்போ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அம்மா போனில் பெட்டியில் வைக்கப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, "உங்கப்பா அந்த மடக்குக் கத்தி இல்லாம கிளம்ப மாட்டாராம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கத்தி உங்களுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். திராட்சைப் பந்தலில் கொடி கட்டிய சணலை அறுக்க, உரமூட்டை பிரிக்க, சொட்டுநீர்க் குழாயை வெட்ட, சாப்பாட்டுக்கு இலை நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும், செக்போஸ்டில் ஒருவரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. நம்மூரிலும் சட்டம் இல்லாமல் இல்லை, ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியெல்லாம் வருகிறது, ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளை அதே விதி விட்டுவிடுகிறது. அதாவது பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்கிறார்கள். இங்கே அப்படி இல்லை அப்பா. இப்போது, இந்த இடத்தில், இது உங்களிடம் ஏன் இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். அந்தக் காரணத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

1988-இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டத்தில் 139-ஆம் பிரிவு. பொது இடத்தில் தக்க காரணம் இல்லாமல் அலகோ கூர்முனையோ உள்ள எதையும் வைத்திருப்பது குற்றம், அதிகபட்சம் 4 வருடம் சிறை. ஒரே ஒரு விலக்கு, மடக்கக்கூடிய பேனாக்கத்தி, அதுவும் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை இரண்டு. மரப்பிடி போட்ட சின்னது ஒன்று, குமுளியில் வாங்கிய பெரியது ஒன்று. பெரியதைத் திறந்தால் "டக்" என்று ஒரு சத்தம் வருமே, அப்புறம் பிடியின் முதுகில் உள்ள பித்தளை நாக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால்தானே மடங்கும்? அந்த நாக்குதான் பிரச்சினை. திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியை மடக்குக் கத்தியாகவே இங்கே கோர்ட் ஏற்பதில்லை, 1990-களிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அலகு 2 அங்குலமாக இருந்தாலும் சரி, பூட்டு இருந்தால் விலக்கு கிடையாது. பிளேயர், ஸ்குரூடிரைவர் எல்லாம் சேர்ந்த மல்டி டூலிலும் அலகு பூட்டிக்கொண்டால் இதே கதைதான். சின்னதைத் திறந்து, அலகின் முதுகை லேசாக அழுத்திப் பாருங்கள், தானாக மடங்கினால் அது பேனாக்கத்தி.

"மறந்து பையில் கிடந்தது" என்று சொன்னால் போதாது, மறதியை மட்டும் தக்க காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள், அப்படிச் சொன்னால் சின்னக் கத்தியும் ஆயுதம் ஆகிவிடும். வெண்ணெய் தடவுகிற மொட்டைக் கத்தியும் அலகுள்ள பொருள்தான் என்று 2005-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதனால் உங்கள் பாக்குவெட்டியும் வீட்டோடு இருக்கட்டும், வெளியே கிளம்பும்போது பாக்கைச் சீவி டப்பாவில் போட்டுத் தருகிறேன். காரில் வைத்தால் பரவாயில்லை என்றும் நினைக்க வேண்டாம், ரோட்டில் நிற்கும் காரும் பொது இடத்தில்தான் நிற்கிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பீர்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கத்திக்குத்துப் பட்டு வருகிற பையன்களைப் பார்க்கிறேன் அப்பா. சிலருக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்காது. வெளியே வராந்தாவில் அவர்களுடைய அம்மா கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பார், எங்களில் யார் வெளியே வந்தாலும் முகத்தையே பார்ப்பார். அதைப் பார்த்த பிறகு இந்தச் சட்டம் அதிகம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. வைத்திருக்கும் கத்தியைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லி இங்கே பர்மிங்காமில் தெருவோரம் இரும்புப் பெட்டியே வைத்திருக்கிறார்கள். 18 வயது ஆகாதவர்களுக்குக் கடையில் சமையல் கத்திகூடத் தர மாட்டார்கள். 2024 செப்டம்பரில் ஜாம்பி கத்தி என்று சொல்லப்படுகிற பெரிய கத்திகளை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள்.

சீக்கியப் பெரியவர்கள் கிர்பான் என்கிற சின்ன வாளை அணிந்து நடப்பதைப் பார்ப்பீர்கள். மத காரணத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, ஸ்காட்லாந்துக்காரர்கள் பாவாடை மாதிரி உடுத்திக் காலுறையில் குத்துக்கத்தி செருகுவதற்கும் இருக்கிறது. வேலைக்காகக் கொண்டுபோவதும் தக்க காரணம்தான், தச்சரோ சமையல்காரரோ வேலைக்குப் போகும்போது பையில் சுற்றி எடுத்துப் போகிறார்கள்.

கை சும்மா இருக்குமே என்று கவலைப்பட வேண்டாம். இவர் கவுன்சிலிடம் ஒரு துண்டு நிலம் வாடகைக்கு எடுத்து உருளையும் பீன்ஸும் போட்டிருக்கிறார், கத்தி, கத்தரி எல்லாம் அங்கே ஷெட்டிலேயே பூட்டி வைக்கிறோம், எதையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. வேலி ஓரம் ஒரு திராட்சைக் கொடி இருக்கிறது, யாருக்கும் கவாத்து செய்யத் தெரியாமல் இலையாக மண்டிக் கிடக்கிறது. அது உங்கள் பொறுப்பு.

எப்போதாவது போலீஸ் நிறுத்தினால் பதற்றப்பட வேண்டாம். பையில் கை விடாமல் கையை வெளியே வைத்துக்கொண்டு நில்லுங்கள், எதற்காகச் சோதிக்கிறோம் என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். எனக்குப் போன் போடச் சொல்லுங்கள்.

பெரிய கத்தியைச் சின்னவனிடம் கொடுத்துவிடுங்கள். சின்னதைத் துணியில் சுற்றி, விமானத்தில் போடுகிற பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வைத்தால் மதுரை ஏர்போர்ட்டிலேயே எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் அலகின் ஓரத்தில் ஸ்கேலை வைத்து ஒரு போட்டோ எடுத்துச் சின்னவனை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், 3 அங்குலத்துக்கு ஒரு நூல் கூடினாலும் அதுவும் அங்கேயே இருக்கட்டும். அம்மாவிடம் அரிவாள்மனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இங்கே ஒன்று இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்