மெகாவாட் கணக்கோடு சாம்பல் கணக்கும் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் மூன்றாம் நிலை 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், 2017-இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டத்துக்காக எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இத்தகைய செய்திகளில் எத்தனை மெகாவாட் என்பது தவறாமல் வருகிறது. எவ்வளவு சாம்பல், அது எங்கே போய்ச் சேரும் என்பது வருவதில்லை.

இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது என்று கொண்டால், நம் வீட்டில் செலவாகும் ஒவ்வொரு யூனிட்டும் சுமார் கால் கிலோ சாம்பலை எங்கோ விட்டுச் செல்கிறது. வடசென்னை நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளின் திறன் 1,830 மெகாவாட். அவை அத்தகைய நிலக்கரியில் ஒரு நாள் முழுத் திறனுடன் இயங்கினால் சேரும் சாம்பல் பத்தாயிரம் டன்னைத் தாண்டும். மேலும், நிலக்கரியிலுள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதமுள்ளது புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. சூடேறிய நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு என்பதை மீனவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்தச் சாம்பலில் ஒரு பகுதியை நீரில் குழம்பாகக் கரைத்து, குழாய்களில் செலுத்திச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்களில் ஏற்பட்ட கசிவுகளால், எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் கழிவெளியில் (உப்பங்கழியில்) பல ஆண்டுகளாகச் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து, அலையேற்றத்தின் போது உள்ளே வரும் கடல்நீரின் போக்கும் தடைபட்டிருக்கிறது. கழிவெளியின் உயிர் அதன் சேற்றில் இருக்கிறது. அலையாத்தி மரங்களின் உதிர்ந்த இலைகள் சேற்றில் மட்கி, நுண்ணுயிர்களுக்கும் புழுக்களுக்கும் உணவாகி, அவற்றை இறாலும் நண்டும் தின்று, அவற்றைக் கொடுவா மீன் தின்று, கடைசியில் கூடைக்கு வருகிறது. அந்தச் சேற்றின் மேல் சாம்பல் படலம் மூடினால் சங்கிலியின் முதல் கண்ணியே அறுகிறது. கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களே அதன் விளைவை முதலில் அனுபவிக்கிறார்கள்.

உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும்போது ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கே கடக்கிறது. ஆனால் நிலக்கரிச் சாம்பலிலுள்ள பாதரசம் போன்ற நஞ்சு, நீரில் உயிர்களுக்குள் புகும் வடிவத்துக்கு மாறிவிட்டால், படிக்குப் படி செறிவு கூடிக்கொண்டே போகிறது. நீரை மட்டும் சோதித்து, அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை தருவது போதாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். சேற்றையும் ஆளி எனப்படும் சிப்பியையும் மீனையும் சோதித்தாக வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய்க் கழிவும் இதே கழிவெளியில்தான் பரவியது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து படுகையை மூடிவரும் காக்கா ஆழி என்னும் சிப்பியினமும் இறாலின் இடத்தைப் பறிக்கிறது. இத்தனையையும் ஒரே நீர்நிலை தாங்கும்போது, ஒவ்வொரு திட்டத்தையும் அது மட்டுமே அங்கு இருப்பதாக எண்ணித் தனித்தனியே மதிப்பிடுவது எந்த அறிவியலுக்கும் பொருந்தாது. மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. எண்ணூர் மக்களும் சொல்லவில்லை.

கழிவெளியை மீட்டெடுக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் உத்தரவிட்டது. அனல்மின் நிலையங்கள் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்கிறது 2021 டிசம்பர் 31-ஆம் நாளிட்ட மத்திய அரசின் அறிவிக்கை. ஆகவே, எண்ணூரில் எந்தப் புதிய அலகுக்கும் அனுமதி வழங்குமுன், ஏற்கெனவே உள்ள எல்லா ஆலைகளின் சுமையையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். கசியும் குழாய்களை முழுமையாக மாற்ற வேண்டும். சேறு, ஆளி, மீன் ஆகியவற்றின் ஆய்வு முடிவுகளை மாதந்தோறும் தமிழில் வெளியிட்டு, கழிவெளிக் கரையிலுள்ள ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்ட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
திருவொற்றியூர்.