கோழிப்பண்ணைக்குப் படுதா கட்டிய இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அலமாரியில் விட்டுப்போன கேமராவை எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கார்த்திகை அமாவாசையன்று மழை விட்டு வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. எம்74 என்ற சுருள் விண்மீன் மண்டலத்தைக் களத்தில் உட்கார்ந்து படம் பிடித்தேன். மீன ராசியில் இருக்கிறது; 1780இல் மெஷான் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டுத் தொலைவு. ஒரு பிடி கோலமாவை ஊர் முழுக்கத் தூவினால் எப்படித் தெரியும்? அதன் வெளிச்சமும் அப்படித்தான் பரந்து கிடக்கிறது.

முதல் தொல்லை, பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணை. குஞ்சு இறக்கி நான்கு நாள்தான் ஆகிறது, விளக்கை அணைக்க முடியாது என்றார் பண்ணைக்கார மாப்பிள்ளை. நியாயம்தானே. நம் பக்கத்துப் படுதாவை மட்டும் மேலே வரை இழுத்துக் கட்டித் தந்தார். வடக்கே திருப்பூர் வெளிச்சத்துக்கு யார் படுதா கட்டுவது?

அடுத்தது துருவ நட்சத்திரம். நட்சத்திரங்கள் நகர்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பும் மோட்டாரின் அச்சு அதைப் பார்த்து நிற்க வேண்டும். உன் டொராண்டோவில் அது பாதி வானத்தில் நிற்கும். பல்லடத்தில் அடிவானத்திலிருந்து 11 பாகை உயரம்தான், தென்னை மட்டைக்குள் ஒளிந்துகொள்கிறது. வாசலில் வைத்த தாங்கியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனது அதனால்தான். தென்னையை வெட்டலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அன்றைய குழம்பில் உப்பில்லை.

எட்டே முக்கால் வாக்கில் எம்74 உச்சிக்கு வந்தது. இரண்டு இரண்டு நிமிடமாக 80 படம் எடுப்பதாகத் திட்டம். அத்தனையையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மணல் தூவியதுபோலப் படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல் சுமார் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். மங்கலான சுருள் கைகள் அப்போதுதான் மேலே வரும். ஆனால் ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் உன் கேமரா இன்னொரு இரண்டு நிமிடம் எதுவும் செய்யாமல் முழித்துக்கொண்டு நின்றது. இரண்டே முக்கால் மணி நேரத்தில் கிடைத்தது 40தான். அதற்குள் பனி இறங்கி லென்ஸும் வியர்த்துவிட்டது.

இருந்தாலும் நடுக்கருவும், அதைச் சுற்றி ஒரு கையும் தெரிகிறது. இன்னொரு கை இருக்கிறது என்று நான் சொல்கிறேன், உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையிடம் காட்டினேன். "இதற்கா மாமா படுதா கட்டினோம்?" என்றார்.

படத்தை அனுப்பியிருக்கிறேன். அந்த இரண்டு நிமிடக் காத்திருப்பை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். மார்கழி அமாவாசைக்குள் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
அப்பா