ஒற்றைக் கன்சோல் வரிக்கு ஒரு நன்றி மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

லிட் (வலைப்பக்கக் கம்போனென்ட்டுகளை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) கொண்டு நாங்கள் எழுதிய பட்டன்களில், அழுத்தினால் உள்ளே எண் கூடியும் திரை மாறாமல் நின்றது. நேற்று நள்ளிரவு தாண்டித்தான் கடைசி பட்டனும் சொன்ன பேச்சைக் கேட்டது. அழுத்தினால் எண் கூடுகிறது, திரையிலும் கூடுகிறது. என்ன ஆயிற்று என்பது கூடவே கண்விழித்த உங்களுக்குத் தெரியும். அந்த இரவின் கதையை மறுபடி விரிக்கப் போவதில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறோம்.

பெரிய நன்றி ஒரு சின்னக் கேள்விக்கு. ஆளுக்கொரு பக்கம் திரையை வரையும் ரெண்டர் ஃபங்ஷனைக் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில் உங்களில் ஒருவர் கேட்டது இவ்வளவுதான்: "கன்சோலில் அந்த எலிமென்ட்டைப் பிடித்து, ஹேஸ்ஓன்பிராப்பர்ட்டி போட்டு 'கவுன்ட்' இருக்கிறதா பாருங்கள். ட்ரூ வந்தால் சொல்லுங்கள்." கன்சோல் என்பது பிரவுசரிலேயே கட்டளை போட்டுப் பார்க்கும் இடம்; ஒரு பெயர் அந்த எலிமென்ட்டின் சொந்தச் சொத்தா என்று ஹேஸ்ஓன்பிராப்பர்ட்டி சொல்லும். ட்ரூ (ஆம்) வந்தது. நிரல் முழுவதையும் அனுப்பச் சொல்லவில்லை, ஆவணத்தைப் படித்தீர்களா என்று குத்திக்காட்டவும் இல்லை.

அந்த வரி ஏன் அவ்வளவு கூர்மை என்பதைச் சொல்லாமல் நன்றி முழுமையாகாது. லிட்டில் @பிராப்பர்ட்டி டெக்கரேட்டர் (ஃபீல்டின் முன் எழுதும் குறிப்பு) போட்டால், அது வகுப்பின் புரோட்டோடைப்பில் (எல்லா எலிமென்ட்டுக்கும் பொதுவான அச்சு) ஒரு கெட்டர், செட்டர் ஜோடியை (மதிப்பைப் படிக்கும்போதும் எழுதும்போதும் ஓடும் ஃபங்ஷன்கள்) வைக்கிறது. மதிப்பு மாறும்போதெல்லாம் அந்தச் செட்டர்தான் ரிக்வெஸ்ட்அப்டேட்டைக் கூப்பிட்டுத் திரையைப் புதுப்பிக்கும். ஆக, 'கவுன்ட்' இருக்க வேண்டிய இடம் புரோட்டோடைப். எலிமென்ட்டின் சொந்தச் சொத்தாக அது இருக்கவே கூடாது. ட்ரூ வந்தால், காவலாளி வாசலில் நிற்க, மதிப்பு கொல்லைப்புறமாகப் போய்வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கொல்லைக் கதவைத் திறந்துவிட்டது டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும் மொழி) கம்பைலரின் அமைப்புக் கோப்பான டிஎஸ்கான்ஃபிக்கில் ஒரே ஒரு சொல். டார்கெட் (எந்த ஆண்டின் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுவது என்ற அமைப்பு) இஎஸ்2021 வரை இருந்தால், 'கவுன்ட் = 0' என்று வகுப்பில் எழுதுவதை டைப்ஸ்கிரிப்ட் கன்ஸ்ட்ரக்டருக்குள் 'திஸ்.கவுன்ட் = 0' என்று மாற்றிவிடும். அது செட்டர் வழியாகவே போகும். டார்கெட் இஎஸ்2022 ஆனதும் 'யூஸ்டிஃபைன்ஃபார்கிளாஸ்ஃபீல்ட்ஸ்' என்ற இன்னொரு அமைப்பு சொல்லாமலே ட்ரூ ஆகிவிடுகிறது. 'கவுன்ட் = 0' என்ற ஃபீல்டு அப்படியே பிரவுசருக்குப் போகிறது, பிரவுசர் அதை ஒவ்வொரு எலிமென்ட்டிலும் சொந்தச் சொத்தாகப் பதித்துவிடுகிறது, புரோட்டோடைப்பில் இருக்கும் ஜோடி மறைந்துபோகிறது. இதில் பொல்லாத்தனம் என்னவென்றால், முதல் ரெண்டர் ஒழுங்காகவே வரும். அதன் பிறகுதான் எல்லாம் உறைந்து நிற்கும். லிட்டின் டெவலப்மென்ட் பில்ட் இதைக் கண்டுபிடித்து, பிராப்பர்ட்டியின் பெயரோடு சொல்லிவிடும். ஆனால் பண்ட்லர் (கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் கருவி) அமைப்பில் 'டெவலப்மென்ட்' என்ற எக்ஸ்போர்ட் நிபந்தனையைக் கேட்காவிட்டால் வருவது புரொடக்ஷன் பில்ட். அதில் அந்தச் சோதனை கிடையாது, கன்சோல் துப்புரவாக இருக்கும்.

டார்கெட்டைக் கீழே இறக்கிவிடலாம் என்று நாங்கள் துடித்தபோது தடுத்தவரும் அந்தக் கன்சோல் கேள்வியைக் கேட்டவரேதான். இறக்கினால் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து யாராவது நல்லெண்ணத்தில் அதை ஏற்றுவார்கள், அவர்களும் இதே குழியில் விழுவார்கள். அவர் சொன்னபடி டார்கெட்டை இஎஸ்2022இலேயே விட்டு, 'எக்ஸ்பெரிமென்டல்டெக்கரேட்டர்ஸ்' ட்ரூ, 'யூஸ்டிஃபைன்ஃபார்கிளாஸ்ஃபீல்ட்ஸ்' ஃபால்ஸ் என்று இரண்டையும் வெளிப்படையாக எழுதிவிட்டோம். கம்போனென்ட் கோப்புகளில் ஒரு வரிகூட மாறவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையை ஒட்டிய ஸ்டாண்டர்ட் டெக்கரேட்டருக்கே போய்விடலாமே என்று கேட்டவர்களுக்கும் நன்றி. லிட் 3, டைப்ஸ்கிரிப்ட் 5.2 அல்லது அதற்கு மேல் இருந்தால் போகலாம். எக்ஸ்பெரிமென்டல் அமைப்பை எடுத்துவிட்டு, டெக்கரேட்டருக்கும் பெயருக்கும் நடுவே 'அக்ஸெஸர்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அந்தச் சொல்லே ஃபீல்டை கெட்டர், செட்டர் ஜோடியாக்கிவிடுவதால் மறைப்பதற்கு எதுவும் இருக்காது. ஆனால் இன்றைய நிலையில் கம்பைலர் அதற்காகக் கக்கும் நிரல் பெரிது. சுருக்கிய பின் 5 கேபி அளவே இருக்கும் லிட்டை எடைக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டு, டெக்கரேட்டருக்காக எடையை ஏற்றுவானேன் என்பது எங்கள் கட்சி.

மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பட்டியலில் புஷ் செய்தால் திரை அசையாது, அர்ரே அதே அர்ரேதான் என்று லிட் நினைத்துக்கொள்ளும், ஸ்ப்ரெட் (மூன்று புள்ளி) போட்டுப் புதிதாகக் கொடுங்கள் என்றவருக்கு. அட்ரிப்யூட்டில் 'ஃபால்ஸ்' என்று எழுதினாலும் பூலியனுக்கு அது ட்ரூதான், ஆகவே ஆரம்ப மதிப்பு எப்போதும் ஃபால்ஸாக இருக்கட்டும் என்று நினைவூட்டியவருக்கு. டெம்ப்ளேட்டில் பெயருக்கு முன் ஒரு புள்ளி வைக்காததால் பட்டியல் வெறும் எழுத்துச்சரமாகப் போய்ச் சேர்வதைக் கண்டுபிடித்தவருக்கு. கஸ்டம் ஈவென்ட் ஷேடோ எல்லையை (கம்போனென்ட்டின் உள்பகுதியைப் பிரிக்கும் சுவர்) தாண்டவேண்டுமானால் 'பபிள்ஸ்' மட்டும் போதாது, 'கம்போஸ்ட்' வேண்டும் என்றவருக்கு. வகுப்பை டைப்பாக மட்டும் பயன்படுத்தினால் டைப்ஸ்கிரிப்ட் அந்த இம்போர்ட்டையே தூக்கிவிடும், டேக் பதிவாகாமல் செத்துக் கிடக்கும், ஆகவே கோப்பின் பெயரை மட்டும் வைத்து வெறும் இம்போர்ட் ஒன்று போடுங்கள் என்றவருக்கு. ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு மணி நேரமாவது மிச்சம்.

இனி புரொடக்ஷன் பில்டின் மேல் ஒரு சோதனை ஓடாமல் எதுவும் வெளியே போகாது. லிட் வகுப்பு ஒவ்வொன்றிலும் 'எலிமென்ட்பிராப்பர்ட்டீஸ்' என்ற மேப் இருக்கிறது. எங்கள் டேக் ஒவ்வொன்றையும் உருவாக்கி, அந்த மேப்பில் உள்ள பெயர் ஒவ்வொன்றும் எலிமென்ட்டின் சொந்தச் சொத்தாக மாறியிருக்கிறதா என்று அது பார்க்கும். ஒன்றுக்கு ட்ரூ வந்தாலும் பில்ட் நின்றுவிடும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான். கோப்பின் தலையில், அன்று நீங்கள் கேட்ட கேள்வியை ஒரு எழுத்தும் மாற்றாமல் கமென்ட்டாக வைத்திருக்கிறோம், ஐயா.

நன்றியுடன்,
கம்போனென்ட் குழுவினர்