நம் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, எல்லாருக்கும் வணக்கம்.

நாள்பட்ட நோயோடும் உடல் சிரமத்தோடும் வாழ்பவர்களுக்கான நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூட்டம் தவறாமல் நடந்தது. மழையால் ஒன்று மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு தொழில்சார் சிகிச்சையை (ஆக்குபேஷனல் தெரபி) ஒட்டிக் கூட்டம் நடத்தும் முறையையே மாற்றினோம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தொழில்சார் சிகிச்சை என்றதும் தையல் மிஷின் தருவார்களா, வேலை வாங்கித் தருவார்களா என்று பலர் கேட்கிறார்கள். இங்கே தொழில் என்றால் குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுவது என்று நாள் முழுக்க நாம் செய்கிற காரியங்கள். உடம்பு அதற்கு இடம் கொடுக்காதபோது, செய்யும் முறையையோ சாமானையோ வீட்டையோ மாற்றி மறுபடியும் செய்ய வைப்பதுதான் இந்தச் சிகிச்சை.

ஜூன் கூட்டத்துக்கு வந்த தொழில்சார் சிகிச்சைத் தெரபிஸ்ட், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்து 1997-ல் வெளியான ஓர் ஆய்வை விளக்கினார். 60 வயது தாண்டிய 361 பேரை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு 9 மாதம் தொழில்சார் சிகிச்சை. இன்னொரு குழு கூடிப் பேசிப் பொழுதைக் கழித்தது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. உடம்பிலும் மனதிலும் பலன் கண்டது முதல் குழுதான். கூடிப் பொழுதுபோக்கியவர்களுக்கும் எதுவும் கிடைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பாட்டு, சுண்டல், குறைகளைப் பேசுவது, அப்புறம் கலைவது என்று இத்தனை வருஷமும் நாம் நடத்தி வந்தது அந்த இரண்டாவது குழுவைத்தானே?

ஜூலையிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "வீட்டில் நீங்களே செய்ய வேண்டும் என்று ஆசைப்படுவது எது?" இது கனடாவில் 1990-களின் தொடக்கத்திலிருந்து வழக்கத்தில் உள்ள முறை. காரியத்தை நோயாளியே தேர்ந்தெடுப்பார். எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரே மதிப்பெண் போடுவார். சில வாரம் கழித்து மறுபடியும் போடுவார். மருத்துவர் போடும் மார்க் இல்லை, அவரவர் போடுவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நம் அக்கா ஒருவர், "நானே மாவு கரைச்சு நாலு தோசை சுடணும்" என்றார். 2 போட்டார். தெரபிஸ்ட் அவர் வீட்டு அடுப்படிக்கே போனார். நானும் கூடப் போயிருந்தேன். தோசைத் திருப்பியின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினார். பிடி தடித்தால் விரலை இறுக்கி மடக்க வேண்டியதில்லை. மாவுப் பாத்திரத்தை விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தச் சொன்னார். பாத்திரத்தின் அடியில் ஈரத்துணியை மடித்து வைத்தார், கரைக்கும்போது அது நகரவில்லை. நின்றுகொண்டே சுட வேண்டாம் என்று மேடை முன்னால் உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டோம். ஆறு வாரம் கழித்து அக்கா 7 போட்டார். செப்டம்பர் கூட்டத்துக்கு டிபன் பாக்ஸில் தோசை வந்தது.

டயாலிசிஸுக்குப் போய்வரும் உறுப்பினர்களின் பெரிய தொல்லை களைப்பு. மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய் உள்ள 169 பேருக்கு வாரம் 2 மணி நேரம் வீதம் 6 வாரம் தெம்பைச் சேமிக்கப் பழக்கியபோது, களைப்பால் வரும் சிரமம் குறைந்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. வேறு நோய்க்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சோர்ந்து விழும் முன்பே ஓய்வெடுப்பது, உட்கார்ந்து செய்ய முடிகிறதை உட்கார்ந்தே செய்வது, கனமான வேலையைத் தெம்புள்ள நேரத்துக்கு ஒதுக்குவது ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சிலர் முயன்று வருகிறார்கள்.

இதையெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (சி.எம்.சி.) டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். 1950-களின் தொடக்கத்தில் அவர்களுக்காகத் தொடங்கிய நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு இல்லத்தில் அந்தக் கைகள் மரவேலை பழகின. விரல் தேய்வதற்குப் பெரும் காரணம் உணர்ச்சி போன கை சூட்டையும் காயத்தையும் அறியாததுதான் என்று, அந்தக் கைகள் வேலை செய்வதைக் கூர்ந்து பார்த்துத்தான் கண்டுகொண்டார்கள். 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த, அதே சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தார். அவருடைய முயற்சியில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் வந்தது.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். முகாம் ஒன்றில் நம் உறுப்பினருக்குக் கிடைத்த சக்கர நாற்காலி அவர் வீட்டுக் குளியலறைக் கதவைவிட அகலம். தரும் முன் யாரும் வீட்டை அளக்கவில்லை. தம்பி அவரைத் தூக்கிக்கொண்டுதான் குளிப்பாட்டப் போகிறார். இனி உபகரணத்துக்கு விண்ணப்பம் எழுதும் முன்பே நம் தொண்டர்கள் டேப்புடன் போய் வாசல், கழிப்பறை, கட்டில் உயரம் எல்லாவற்றையும் அளந்து தாளோடு இணைப்பார்கள்.

வரும் ஆண்டில் வீட்டுக்கே போய்ப் பார்க்க இன்னொரு தெரபிஸ்ட் வேண்டும், கைப்பிடிக் கம்பி பொருத்த ஒரு தச்சர் வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கமோடு நாற்காலியை இரவல் வாங்கியவர்கள் தேவை முடிந்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். இடுப்பு முறிந்து வீடு திரும்பும் பாட்டி ஒருவருக்கு அது வெள்ளிக்கிழமை வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்