புது லினக்ஸ் போட்ட லேப்டாப்: முதல் நாள் வேலைகள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து, இருக்கிற லேப்டாப்பிலேயே லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லி நிறையப் பேர் வருகிறீர்கள். நாங்கள் தருவது லினக்ஸ் மின்ட் 22.2 சின்னமன். 4 ஜிபி ரேம் மட்டும் உள்ள மெஷினுக்கு அதன் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இரண்டுக்கும் 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். கடையில் போட்டு வாங்கியவர்கள், பென்டிரைவ் வாங்கிப்போய் வீட்டில் நீங்களே நிறுவியவர்கள், எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதும் மடல் இது. வேலைகளைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில் இன்டர்நெட். வைஃபை பட்டியலே வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம். பழைய மெஷின்களில் இருக்கும் பிராட்காம் வைஃபை சில்லுகள் பலவற்றுக்குத் தனி டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்தால் உடனே நெட் வந்துவிடும்.

அடுத்தது டைம்ஷிஃப்ட். சிஸ்டத்தின் அப்போதைய நிலையை 'ஸ்னாப்ஷாட்' என்று பதிவு செய்து வைத்து, பிறகு அதற்கே திரும்ப உதவும் கருவி இது. அப்டேட்டுக்கும் டிரைவருக்கும் முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். மெனுவில் டைம்ஷிஃப்ட் திறந்து 'ஆர்சிங்க்' வகையைத் தேர்ந்து, முதல் ஸ்னாப்ஷாட்டை எடுங்கள். பிறகு போடும் டிரைவரால் திரை கறுத்துப் போனால்கூட, லினக்ஸ் நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, அதிலிருக்கும் டைம்ஷிஃப்ட் வழியாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். முதல் ஸ்னாப்ஷாட் கிட்டத்தட்ட முழு சிஸ்டத்தின் அளவு இடம் பிடிக்கும். அடுத்தடுத்தவை மாறிய ஃபைல்களுக்கு மட்டும்தான் இடம் எடுக்கும். அப்படியும் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போனால் 128 ஜிபி எஸ்எஸ்டி தாங்காது. டிஸ்க் நிரம்பிவிட்டால் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வரும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று நினைத்துக் கொண்டுவரும் மெஷின்களில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். ஆகவே அட்டவணையில் தினசரி ஸ்னாப்ஷாட் 2, வாராந்தர ஸ்னாப்ஷாட் 1 மட்டும் வைத்திருக்கச் சொன்னால் போதும். இன்னொன்று: டைம்ஷிஃப்ட் உங்கள் போட்டோ, கணக்கு, கடிதம் எதையும் காப்பாற்றாது, சிஸ்டம் ஃபைல்களை மட்டுமே வைத்திருக்கும். உங்கள் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் தனியாகக் காப்பி எடுத்து வையுங்கள்.

இப்போது அப்டேட். கீழ்ப் பட்டையில் கேடயம் போல இருப்பதுதான் அப்டேட் மேனேஜர். பக்கத்திலுள்ள சர்வருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டால் சம்மதியுங்கள், டவுன்லோடு வேகமாகும். முடிந்ததும் கட்டாயம் ரீஸ்டார்ட்.

டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம், என்விடியா இருப்பவர்களுக்குப் பட்டியல் வரும். பரிந்துரை என்று குறித்திருப்பதையே தேர்ந்தெடுங்கள். பட்டியல் காலியாக வந்தால் தனி டிரைவர் தேவையில்லை என்று அர்த்தம். பயாஸில் (மெஷின் ஆனதும் முதலில் ஓடும் அமைப்பு) செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்த பிறகே உள்ளே விடும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். குறைந்தது 8 எழுத்தாவது வைத்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத் திரை வரும், ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லி 10 நொடிதான் நிற்கும். அழுத்தி, 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய், அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அதைத் தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் இயங்காது. கையொப்பம் பதிவாகாத டிரைவரை செக்யூர் பூட் உள்ளே விடாது. செக்யூர் பூட்டை ஆஃப் செய்வதும் ஒரு வழிதான். ஆனால் அதே மெஷினில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட விண்டோஸும் இருந்தால், ரெகவரி கீ கையில் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள். விண்டோஸ் பூட்டிக்கொண்டு அந்தக் கீயைக் கேட்கும்.

இரண்டு சிஸ்டமும் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும்: மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. சரிசெய்யும் கட்டளை பெட்டிக்குள் வைத்திருக்கும் தாளில் இருக்கிறது. மற்றொன்று, விண்டோஸ் டிரைவை லினக்ஸிலிருந்து திறந்தால் எதையும் சேமிக்க முடியாது. விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருப்பதுதான் காரணம். பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை எடுத்துவிடுங்கள்.

தமிழ் தட்டச்சுக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ் எம்17என்' (பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் தொகுப்பு) நிறுவி, 'இன்புட் மெத்தட்' பகுதியில் ஐபஸைத் தேர்ந்து, லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழ்99, ஃபொனெட்டிக் இரண்டில் உங்களுக்குப் பழகியதைச் சேர்க்கலாம். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் 'தமிழ்நெட் 99' என்று சில இருக்கின்றன. அவற்றில் புள்ளி தானாக விழாது. 'டேப் என்கோடிங்' என்று இருப்பது யூனிகோடே அல்ல, அதில் அடித்ததை வேறு இடத்தில் படிக்க முடியாது. பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால், அந்த எழுத்துரு ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் போதும்.

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஒரே செயலி இரண்டு வடிவத்தில் கிடைக்கும். 'ஃபிளாட்பேக்' வடிவம் புதியது, ஆனால் முதல் முறை அதன் துணைத் தொகுப்புகளும் சேர்ந்து இறங்கும், நூற்றுக்கணக்கான எம்பி ஆகும். மொபைல் டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் 'சிஸ்டம் பேக்கேஜ்' வடிவத்தையே எடுங்கள். மெனுவில் ஃபயர்வாலையும் ஒருமுறை ஆன் செய்துவிடுங்கள், மின்டில் அது அணைந்த நிலையில்தான் வரும்.

டேலியில் கணக்கு எழுதுகிறவர்களும், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து ஃபைலிங் செய்கிறவர்களும் விண்டோஸை முழுதாக அழிக்கச் சொல்லாதீர்கள்; இரண்டையும் வைத்துத் தருகிறோம். பிரின்டர் மாடலையும் முன்கூட்டியே சொல்லுங்கள். எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருந்தால் எச்பிலிப் (எச்பி பிரின்டர்களுக்கான லினக்ஸ் டிரைவர்) பிளகினும் போட வேண்டும், அது இல்லாமல் அச்சு வராது. கேனான் எல்பிபி 2900-க்குத் தனி டிரைவர் போட்டு, எங்கள் மேசையிலேயே ஒரு தாள் அச்செடுத்துப் பார்த்த பிறகுதான் மெஷினைக் கையில் தருவோம். அதனால் பிரின்டரையும் யூஎஸ்பி கேபிளையும் கூடவே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு